திம்பத்துக்கு அப்பால் ஒரு புத்தாண்டு

மார்கழிப் பனி பவானி ஆற்றின் மேல் படியத் தொடங்கியதும் சத்தியமங்கலத்தின் கடைத்தெருவில் இரண்டு மாற்றங்களைக் காணலாம். பூ மார்க்கெட்டில் மல்லிகையின் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். நடைபாதையோரம் நீலத் தார்ப்பாய் கட்டி, கம்பளிச் சட்டைகளைத் தொங்கவிட்டபடி ஒரு திபெத்தியக் குடும்பம் வந்தமரும். லூதியானாவில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஐப்பசி முதல் தை வரை ஊர் ஊராகச் சென்று விற்பது அம்மக்களின் குளிர்காலத் தொழில். எங்கள் கடையின் பின்கட்டில் அவர்கள் மூட்டைகளை அடுக்கிக்கொள்ள இடம் கொடுத்ததில் தொடங்கிய பழக்கத்துக்கு இருபது வயதுக்கு மேலாகிவிட்டது. அந்தச் சகோதரி என்னை 'பாய்' என்பார். என் மனைவியை 'அக்கா' என்பார். ஒவ்வோர் ஆண்டும் தை முடிவில் கடையைக் கட்டும்போது, "எங்க வருஷப் பிறப்புக்கு ஒரு தடவையாவது வாங்க பாய்" என்று அழைப்பார். நானும் "இன்ஷா அல்லாஹ்" என்பேன். சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடிவிட்டன.

2025ஆம் ஆண்டில்தான் அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடிந்தது. அவர்களுடைய புத்தாண்டாகிய 'லோசர்' அவ்வாண்டு பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமையன்று பிறந்தது. ஜுமுஆவை விட்டுவிட்டுப் புறப்பட மனமில்லாததால் மறுநாள் சனிக்கிழமை, மார்ச் முதல் தேதி போவதென்று முடிவு செய்தோம். அன்று மாலை நமக்கு ரமளான் பிறை பார்க்கும் நாள். "பிறைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்" என்ற நிபந்தனையோடு என் மனைவி உடன் வந்தார். வண்டியை ஓட்டியவன் எங்கள் இளைய மகன்.

எங்கே போனோம் என்று கேட்பீர்கள். சீனமோ திபெத்தோ அல்ல. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி, ஆசனூரில் வலப்புறம் திரும்பி, கேர்மாளம் காட்டைக் கடந்தால் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் ஒடெயர்பாளையா என்றோர் ஊர் வரும். அங்கே 1974இல் அமைந்தது 'தோண்டென்லிங்' என்னும் திபெத்திய அகதிகள் குடியிருப்பு. 1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறியபோது பின்தொடர்ந்து வந்தவர்களுக்கு அன்றைய மைசூர் மாநிலம் நிலம் கொடுத்தது. முதலில் 1960இல் பைலகுப்பே, பின்னர் முண்டகோடு, ஹுன்சூர் என்று வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. அவ்வரிசையில் பிந்தியதும், நமக்கு மிக அண்மையில் இருப்பதும் இதுவே. ஆயினும் எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேருக்கு இது தெரியாது. ஊட்டியையும் மைசூரையும் பார்த்துவிட்டு வருகிறோம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேசமே குடியிருப்பதை அறியாமல் இருக்கிறோம்!

சுபுஹு தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். பண்ணாரியில் சோதனைச் சாவடி. பங்குனிக் குண்டத்துக்கு இலட்சக்கணக்கில் கூடும் அந்த இடம் அன்று காலை வெறிச்சோடிக் கிடந்தது. 2013இல் இக்காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் வந்தது. ஆகவே அதிகாலைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கீழே பவானிசாகரின் நீர்ப்பரப்பு துண்டு துண்டாகத் தெரிந்தது. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை இதே மலைத்தொடரின் கஜலட்டிக் கணவாய் வழியே இறங்கி வந்துதான் கர்னல் ஃப்ளாய்டின் ஆங்கிலேயப் படையை எங்கள் ஊரில் எதிர்கொண்டது. பீரங்கிகளை இழுத்துக்கொண்டு எருதுகள் எப்படித்தான் இறங்கினவோ! எங்கள் சிறு காருக்கே மூச்சு வாங்கியது.

ஆசனூருக்கு அப்பால் சாலை குறுகுகிறது. வீரப்பன் 2004இல் கொல்லப்படும் வரை இவ்வழியே வெளியூரார் வரத் தயங்கிய காலமும் உண்டு. இப்போது அச்சமெல்லாம் யானையைப் பற்றித்தான். கேர்மாளத்தைத் தாண்டியதும் கடைப் பலகைகள் கன்னடத்துக்கு மாறின. இன்னும் சிறிது தூரத்தில் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகளும், அவற்றுக்கு நடுவே மூங்கில் கழிகளில் படபடக்கும் ஐந்து நிறக் கொடிகளும் கண்ணில் பட்டன. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அவற்றின் வரிசை மாறுவதில்லை.

வாசலிலேயே அச்சகோதரி காத்திருந்தார். ஆண்டுதோறும் நடைபாதையில் சாயம் போன சட்டையோடு பார்த்தவரா இவர் என்று என் மனைவி வியந்தார். கணுக்கால் வரை நீண்ட பட்டு அங்கி. இடுப்பில் மணமானவர்கள் அணியும் வண்ணக்கோட்டு முன்றானைத் துணி. உள்ளே அழைத்துச் சென்று மரத்தாலான ஒரு பெட்டியை நீட்டினார். ஒரு பாதியில் வெண்ணெயோடு பிசைந்த வறுத்த பார்லி மாவு. மறு பாதியில் கோதுமை. வருகிறவர் அதில் ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவி, 'தாஷி தெலேக்' என்று வாழ்த்த வேண்டுமாம். தூவுதல் அவர்களின் வழிபாட்டைச் சேர்ந்தது என்பதால் நான் சற்றுத் தயங்கினேன். அவர் அதைப் புரிந்துகொண்டு, "வேண்டாம் பாய், வாழ்த்து மட்டும் போதும்" என்று பெட்டியை அப்பால் வைத்தார். பிறர் மனம் கோணாமல் விருந்தோம்புவது எப்படியென்று அந்த ஒரு நொடியில் பாடம் கற்றுக்கொண்டேன்.

உணவிலும் அப்படியே. இறைச்சியையும் பார்லியில் புளிக்க வைக்கும் பானத்தையும் எங்கள் கண்ணிலேயே காட்டவில்லை. 'கப்சே' என்னும் பொரித்த மாவுப் பண்டம் மட்டும் மலைபோல் குவிந்திருந்தது. முறுக்கும் அதிரசமும் இல்லாத தீபாவளி உண்டோ? அதைப்போலக் கப்சே இல்லாமல் லோசர் இல்லை. நாடா போலவும், வண்ணத்துப்பூச்சி போலவும், கழுதைக் காது போலவும் வடிவங்கள். "சூரியகாந்தி எண்ணெய்தான் அக்கா" என்று என் மனைவியிடம் இருமுறை சொன்னார். உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் எனக்குப் பிடித்தது. என் மகனுக்குப் பிடிக்கவில்லை.

சுவரோரம் ஒரு தட்டில் விரலளவு வளர்ந்த பார்லி முளைகள் பச்சைப்பசேலென்று நின்றன. அடுப்படிச் சுவரில் வெள்ளை மாவால் இட்ட குறிகள் இருந்தன. புத்தாண்டு விடியலில் முதல் தண்ணீரை முந்திச் சென்று பிடிப்பது நல்லதென்பார்களாம். திபெத்தில் பெண்கள் ஊற்றுக்குப் போனார்கள். இங்கே குழாயடிக்குப் போகிறார்கள். முதல் நாள் வீட்டோடு இருப்பது, இரண்டாம் நாள் உறவினரைப் பார்ப்பது, மூன்றாம் நாள் பழைய கொடிகளை மாற்றிப் புதியன கட்டுவது என்று முறை இருக்கிறது. நாங்கள் போனது இரண்டாம் நாளாகையால் வீடு நிறைய ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆனால் லோசரின் உயிர்நாடி புத்தாண்டு நாளில் இல்லை. அதற்கு முன்னர் வரும் இரவில் இருக்கிறது. பன்னிரண்டாம் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் வீடு முழுவதையும் பெருக்கிக் கழுவுகிறார்கள். அன்றிரவு 'குதுக்' என்றொரு கஞ்சி. 'கு' என்றால் ஒன்பது. ஒன்பது பொருள்கள் சேர வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய மாவுருண்டை மிதக்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே ஏதேனும் ஒளிந்திருக்கும். மிளகாய் வந்தால் வாயாடி, கரித்துண்டு வந்தால் உள்ளம் கறுத்தவர், கம்பளி நூல் வந்தால் இளகிய மனத்தவர், காகிதம் வந்தால் படிப்பாளி. வீட்டிலுள்ளோர் கூடிச் சிரிப்பதற்கே இந்த ஏற்பாடு என்று தோன்றியது. தமக்குக் கரித்துண்டு வந்ததென்று சொல்லிச் சகோதரி சிரித்தார்.

அதன் பின்னர் வருவது சிரிப்புக்குரியதன்று. ஒவ்வொருவரும் ஒரு பிடி மாவை எடுத்து உடம்பில் வலிக்கும் இடத்தில் ஒற்றி, கை ரேகை பதியும்படி இறுக்கிப் பிடித்து வைக்கிறார்கள். மாவால் ஒரு சிறு உருவமும் செய்கிறார்கள். அவ்வாண்டின் நோயும் நொடியும் இழப்பும் அந்த மாவில் ஏறிவிடுவதாக நம்பிக்கை. மீந்த கஞ்சியோடு அதனை எடுத்துக்கொண்டு, வைக்கோல் பந்தம் கொளுத்திக் கூவிக்கொண்டே போய் முச்சந்தியில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். குடியிருப்பின் தெருமுனையில் அதன் மிச்சத்தைப் பின்னர் நானே கண்டேன். கருகிய வைக்கோல், காகம் கொத்திய மாவுருண்டைகள், ஒன்றில் யாருடைய விரல்களோ ஐந்தும் தெளிவாகப் பதிந்திருந்தன.

இதையெல்லாம் விளக்கியவர் சகோதரியின் மகன். பெங்களூரில் பொறியியல் படிப்பவர். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை அங்கிள். மாவில் எப்படி மூட்டுவலி ஏறும்?" என்றார். "பந்தம் பிடித்துச் சென்றது யார்?" என்று கேட்டேன். "நான்தான். பாட்டியால் நடக்க முடியாதே!"

அந்தப் பாட்டி சன்னலோரம் அமர்ந்து மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வயது எண்பதுக்கு மேல். பதினெட்டு வயதில் பனிமலையைக் கால்நடையாகக் கடந்தவர். பிறகு இமயத்தின் சாலைப் பணி முகாம்களில் கல் உடைத்தார். கடைசியில் இந்தக் காட்டைத் திருத்த வந்தார். இருபத்தொன்பதாம் நாள் இரவில் வீட்டிலுள்ள தலைகளை எண்ணிக் கஞ்சிக் கிண்ணங்களை வைத்த பின் இன்னொரு கிண்ணமும் வைப்பாராம். அங்கேயே தங்கிவிட்ட தங்கைக்கு. அவர் உயிரோடிருக்கிறாரா என்பது பல ஆண்டுகளாகத் தெரியவில்லை. 2008 கலவரங்களுக்குப் பின் 2009இல் அகதி மக்கள் லோசர் கொண்டாட்டத்தையே தவிர்த்தார்கள். அவ்வாண்டும் கப்சே பொரிக்காத அந்த வீட்டில் அந்த ஒரு கிண்ணம் மட்டும் வைக்கப்பட்டதாம்.

இவ்விடத்தில் வாசகர்களைச் சற்றுப் பினாங்குக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. 1987 முதல் 1993 வரை அங்கே ஒரு நாணய மாற்றுக் கடையில் வேலை பார்த்தேன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சீனரின் குவான் யின் கோயிலும் ஒரே சாலையில் நிற்கும் ஊர் அது. எங்கள் அறைக்கு அடுத்த வீட்டில் ஒரு ஹொக்கியன் சீனக் குடும்பம் இருந்தது. திபெத்தியப் புத்தாண்டைப் பார்த்ததும் அந்த வீடுதான் என் நினைவுக்கு வந்தது.

அங்கும் புத்தாண்டுக்கு முன்னர் வீடு துலக்கம், கடன் தீர்ப்பு. கடனோடு புது ஆண்டில் நுழையலாகாது என்பதால் அந்த வாரம் எங்கள் கடையில் கூட்டம் நெரியும். அடுப்படித் தெய்வம் வானுலகம் சென்று வீட்டாரைப் பற்றிக் கோள் சொல்லும் என்பதால் அதன் வாயில் இனிப்பைத் தடவி அனுப்புவார்கள். புத்தாண்டு பிறந்துவிட்டால் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள்; வந்த பாக்கியத்தைப் பெருக்கித் தள்ளிவிடுவதாகுமாம். கத்தி, கத்தரிக்கோல் எடுக்கமாட்டார்கள். தலைக்குக் குளிக்கமாட்டார்கள். திருமணமானவர்கள் சிறுவர்க்குச் சிவப்பு உறையில் பணம் கொடுப்பார்கள். தொகையில் நான்கு என்னும் எண் வரவே கூடாது. நான்கும் சாவும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. மீனுக்கும் மிகுதிக்கும் ஒரே ஒலியாதலால் இரவு விருந்தில் மீனைச் சிறிது மீதம் வைப்பார்கள். தட்டு தவறி உடைந்தால்கூட அதற்கும் ஒரு மாற்றுச் சொல் உண்டு: உடைதலைக் குறிக்கும் சொல் ஆண்டைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால், 'ஆண்டாண்டும் நலம்' என்று சொல்லித் தேற்றிக்கொள்வார்கள். ஒன்பதாம் நாள் இரவு ஹொக்கியன் வீடுகளின் முன்னே முழுக் கரும்புகளைக் கட்டி நிறுத்துவார்கள். முன்னொரு காலத்தில் எதிரிகளிடமிருந்து தம் மூதாதையர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்த கதை அதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்தச் சிவப்பு உறைதான் மலேசியாவில் பச்சை உறையாகிப் பெருநாள் காசாக நம்மவர் குழந்தைகளின் கையிலும் ஏறியது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

வேடிக்கையாகத் தொடங்கும் நம்பிக்கை வேதனையில் முடிவதும் உண்டு. சீனரும் திபெத்தியரும் பன்னிரண்டு விலங்குகளையும் ஐந்து மூலகங்களையும் இணைத்து அறுபது ஆண்டுச் சுழற்சி வைத்திருக்கிறார்கள். நம் தமிழாண்டுகளும் அறுபதல்லவா! 2025 இருவருக்கும் மரப் பாம்பு ஆண்டு. 1988 டிராகன் ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பிள்ளை பாக்கியசாலி என்று அடுத்த வீட்டு மருமகள் கருவுற்றதைத் தெருவே கொண்டாடியது. சிங்கப்பூரில் 1987இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 43,600; 1988இல் 53,000ஐ நெருங்கின. அதிகம் பிள்ளை பெறுமாறு அரசு ஊக்குவித்ததும் ஒரு காரணமே. ஆனால் ஜப்பானில் நேர்ந்ததற்கு வேறு காரணமே இல்லை. தீக்குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால், 1965இல் 18 இலட்சத்துக்கு மேலிருந்த பிறப்பு 1966இல் 13.6 இலட்சமாகச் சரிந்தது. அடுத்த தீக்குதிரை ஆண்டு 2026. பிறக்கு முன்னரே ஒரு பெண்ணுக்குப் பழி சுமத்தும் பஞ்சாங்கத்தை என்னவென்பது?

சீனப் புத்தாண்டு 2025இல் ஜனவரி 29இலும் லோசர் பிப்ரவரி 28இலும் வந்ததேன் என்று என் மகன் கேட்டான். இரண்டுமே சந்திரக் கணக்கு. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அதனை ஈடுகட்ட இருவரும் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை ஒரு மிகை மாதத்தைச் செருகுகிறார்கள். எந்த ஆண்டில் செருகுவது என்பதில் கணக்கு வேறுபட்டால் புத்தாண்டுகள் ஒரு மாதம் விலகிவிடும். இஸ்லாத்துக்கு முந்திய அரபியரும் மாதங்களை இப்படி முன்பின்னாக்கினார்கள். திருமறையின் தவ்பா அத்தியாயம் அதனைத் தடுத்தது. ஆகவேதான் நமது ரமளான் கோடையிலும் மழையிலும் பனியிலும் சுற்றி வருகிறது. எந்தப் பருவத்துக்கும் தனிப் பாக்கியம் இல்லை. எந்த மாதத்துக்கும் பீடை இல்லை.

பீடை இல்லை என்று எழுதிவிட்டேன். எழுதுகையில் என் கை சற்று நின்றது.

நம் இல்லங்களில் ஸஃபர் மாதத்தைப் பற்றி இருந்துவந்த அச்சத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அம்மாதத்தில் நிக்காஹ் வைக்கமாட்டார்கள், புதுமணை புகமாட்டார்கள், பயணம் தொடங்கமாட்டார்கள். மாதத்தின் கடைசிப் புதன் 'ஒடுக்கத்துப் புதன்'. அன்று மாவிலையில் குங்குமப்பூ நீரால் திருவசனங்களை எழுதி வாங்கி வந்து, அதனைக் கழுவிய நீரை வீட்டிலுள்ளோர் குடிப்பார்கள், தலை முழுகுவார்கள், சில ஊர்களில் புல்வெளிக்குப் போய்ப் புல்லை மிதித்து வருவார்கள். எங்கள் வீட்டில் என் தாயார் இதனை ஓராண்டும் தவறவிட்டதில்லை. பல்லி சொல்வதையும் பூனை குறுக்கே போவதையும் பொருட்படுத்தாதவர் அவர். ஸஃபர் பிறந்தால் மட்டும் முகம் வாடிவிடும்.

1986ஆம் ஆண்டு. எனக்கு வயது 24. புதிதாகச் சில நூல்களைப் படித்திருந்தேன். படித்தது சரியான செய்திதான்: ஸஃபரில் பீடையென்பதும் பறவைச் சகுனமும் இல்லையென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவாக அறிவித்துவிட்டார்கள். அந்த ஒடுக்கத்துப் புதன் காலையில் உம்மா தட்டில் மாவிலைத் தண்ணீரோடு என் முன் வந்து நின்றார். சாச்சிமாரும் நன்னிமாவும் அங்கே இருந்தார்கள். "இது மௌட்டீகம்" என்று உரக்கச் சொல்லி, தட்டை வாங்கி அப்படியே கழுவுமடையில் கொட்டினேன். யாரும் பேசவில்லை. உம்மா தட்டை எடுத்து முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தார். அதன்பின் என் முன்னால் ஒருபோதும் அந்தத் தட்டை அவர் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே குடித்துவிட்டு வருவார் என்று பின்னாளில் அறிந்தேன். சில மாதங்களில் நான் பினாங்குக்குக் கப்பலேறாத குறையாக ஓடினேன். 1991இல் உம்மா மௌத்தானபோது நான் அங்கே இருந்தேன். முகம் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் பெரியம்மா சொன்னார். எனக்கு முன்னர் ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். நான்கு வயதில், ஸஃபர் மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அவன் பெயரையே வீட்டில் எடுக்கலாகாதென்று அத்தா தடுத்துவிட்டாராம். பேச முடியாத அந்தத் துயரத்துக்கு உம்மாவிடம் மிஞ்சியிருந்தது ஒரு தட்டும் மாவிலையும்தான்.

அந்தப் பழக்கம் சரியென்று இன்றும் நான் சொல்லவில்லை. என் வீட்டில் அது இல்லை. என் மகளின் நிக்காஹ் ஸஃபர் மாதத்திலேயே நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் பாதிதான் படித்திருந்தேன். பெருமானாரின் மழலை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலார் கணித்திருக்கிறார்கள். குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டதென்று மக்கள் பேசத் தொடங்கியபோது, எவருடைய இறப்புக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அது இருள்வதில்லையென்று அவர்கள் உடனே திருத்தினார்கள். இதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அந்தக் குழந்தையை மடியில் ஏந்தி அவர்கள் கண்ணீர் வடித்ததையும், தோழர் ஒருவர் வியந்து கேட்டபோது இது கருணை என்று விளக்கியதையும் நான் கருத்தில் கொள்ளவில்லை. திருத்திய நாவும் அழுத கண்களும் ஒரே முகத்தில் இருந்தன.

ளுஹர் நேரம் வந்தது. சகோதரி கேட்காமலேயே ஒரு திபெத்தியக் கம்பளத்தை உதறி விரித்து, "எந்தப் பக்கம் பாய்?" என்று வினவினார். தொழுது முடித்ததும் பாட்டியம்மா ஏதோ சொல்ல, பேரன் மொழிபெயர்த்தார். லாசாவில் அவருடைய சிறுவயதில் 'கச்சே'க்கள் இப்படித் தொழுவதைப் பார்த்திருக்கிறாராம். திபெத்தில் முஸ்லிம்களுக்கு அந்தப் பெயர். காஷ்மீரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஐந்தாம் தலாய் லாமா அவர்களுக்கு நிலம் கொடுத்தார் என்றும், எய்த அம்பு விழுந்த இடமே எல்லையாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1959க்குப் பின் அவர்களில் பலர் இந்தியாவுக்கு வந்து ஸ்ரீநகரில் குடியேறினார்கள். திபெத்திய மொழியில் இல்லறமும் நல்லொழுக்கமும் கூறும் 'கச்சே பாலு' என்னும் அறநூல் ஒரு முஸ்லிமின் பெயராலேயே வழங்குகிறது. பௌத்தர் வீடுகளிலும் அது மதிப்புக்குரியது. நம் வாசகர்கள் இதனை அறிந்து மகிழ வேண்டும் என்பதற்காகவே இங்கே குறிக்கிறேன்.

பாட்டியம்மாவிடம் ஒன்று கேட்கச் சொன்னேன். "மாவை எறிந்த பிறகு மூட்டுவலி போய்விட்டதா?" பேரன் கேட்டார். அவர் பல்லில்லாத வாயைத் திறந்து நெடுநேரம் சிரித்தார். வலி அப்படியேதான் இருக்கிறதாம். போகும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லையாம். "பேரன் பந்தத்தோடு ஓடுவதை இங்கிருந்து பார்ப்பேன். என் அப்பாவும் அப்படித்தான் ஓடுவார்."

நான் என் மகன் பக்கம் திரும்பவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஸர் நெருங்கும்போது விடைபெற்றோம். ஒரு துணிப்பை நிறையக் கப்சேயை என் மனைவியின் கையில் திணித்துவிட்டார் அச்சகோதரி. "நோன்பு நாளைக்குத்தானே அக்கா? காலையில் டீயில் நனைத்துச் சாப்பிடுங்க." பிறை தெரிந்தால்தான் நோன்பு என்று என் மனைவி விளக்கினார். "எங்களுக்கும் நிலாதான்" என்றார் அவர்.

திம்பத்தின் உச்சியில் இரண்டு தேநீர்க் கடைகளுக்கு அருகே வண்டியை நிறுத்தினோம். கதிரவன் மறைந்திருந்தது. மேற்கில் வெள்ளி அத்தனை ஒளியோடு நின்றது; அதனருகே மெல்லிய கீற்றாகப் பிறை. கடைக்காரர் அடுப்பை விட்டு வந்து எங்களோடு அண்ணாந்து பார்த்தார். என் மகன் துஆ ஓதினான். அதற்குள் ஊரிலிருந்து மூன்று கைப்பேசி அழைப்புகள். தராவீஹ் தொழுகை எத்தனை மணிக்கு என்ற கேள்வி.

வளைவுகளில் இறங்கும்போது மகனிடம் அவனுடைய பெரியத்தாவைப் பற்றிச் சொன்னேன். நான்கு வயதில் போனவனைப் பற்றி அவன் கேள்விப்படுவது அதுவே முதல் முறை. பெயரென்ன என்று கேட்டான். சொன்னேன். பத்தொன்பதாம் வளைவில் யானைக் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்ததால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த இருட்டில், "உம்மாம்மாவின் அந்தத் தட்டு இப்போது எங்கே இருக்கிறது?" என்று அவன் மறுபடி கேட்டான். பெரியம்மா வீட்டில் இருக்கக்கூடும் என்றேன்.

மறுநாள் முதல் ஸஹரில் கப்சேயைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டோம்.